புதுநன்மை கேசட்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், வருத்தமில்லை. நடந்தது நடந்ததுதான். சிலுவைராஜ் இன்றும் சாந்தன்பாறையில் கடை வைத்திருக்கிறார். போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் அது வீடியோ கடை. கேசட் ஓட்டும் டெக்கையும் டிவியையும் வாடகைக்கு எடுத்துப்போய் எஸ்டேட் லய வீடுகளில் விடிய விடியப் படம் பார்ப்பார்கள். கல்யாணமோ, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மையோ, கேமரா பிடிக்கப் போகிறவரும் சிலுவைராஜ்தான். இப்போது பழைய கேசட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கிறார்.

போன ஜூலை பதினேழு, வியாழக்கிழமை. மதியம் 2.40. வெளியே சாரல். ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த செபமாலையம்மாளின் மகன் ரிஜோ, ஒரு கேசட்டை மேஜைமேல் வைத்தான்.

“அங்கிள், அம்மாவுக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. கண்ண மூடுறதுக்குள்ள அக்காவ ஒருக்க பாக்கணுங்குது.”

சிலுவைராஜ் கேசட்டைத் திருப்பிப் பார்த்தார். அதேதான்.

1988. ரிஜோ பிறக்காத வருஷம். அவன் அக்கா சிசிலிக்குப் புதுநன்மை. கோவிலில் பிள்ளை ஓயாமல் இருமியது. “பாப்பா, இருமாம நில்லு” என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து அதட்டினார். மூன்றே மாதத்தில் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது.

போடியிலிருக்கும் தங்கைக்கு ஒரு காப்பி வேண்டுமென்று செபமாலையம்மாள் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கென்று ஒரு புதுப்படம் ஒரே ராத்திரிக்கு இரவலாக வந்தது. காப்பி போடக் கையில் காலி கேசட் இல்லை. பதிவு அழியாமலிருக்க அவள் கேசட்டின் ஓரத்தில் உடைத்துவிட்ட ஓட்டைமேல், மறுபடி பதிகிற மாதிரி, செல்லோடேப்பை ஒட்டினார். சிசிலியின் மேலேயே படத்தைப் பதிந்துவிட்டார். மூன்று வாரம் வாடகைக்கு ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது, “பூஞ்சை புடிச்சிருச்சும்மா. எந்த டெக்குலயும் போட்றாதீங்க” என்றார்.

அவள் நம்பினாள். முப்பத்தேழு வருஷம் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம், பாவி மனுஷன். “அஞ்சரைக்கு வாப்பா” என்று மட்டும் சொன்னார்.

2.55. கேசட்டை உள்ளே தள்ளினார். படம்தான். அதே பாட்டு, அதே சண்டை.

3.10. கதாநாயகன் பேச வாயைத் திறந்தான். இருமல் கேட்டது.

சின்னப் பிள்ளையின் இருமல்.

ஸ்டாப் பட்டனை அழுத்தினார். திரை கறுத்தது. இருமல் நிற்கவில்லை...

மெழுகுத்திரி எரியும் வாசனை. கடையில் மெழுகுத்திரியே கிடையாது.

“மன்னிச்சிரு தாயி...” முழங்கால் போட்டுவிட்டார். அழுகை பீறிட்டது.

இருமல் நின்றது.

காதோரம்... ரொம்பப் பக்கத்தில்...

“இப்ப நான் இருமல மாமா. எடுங்க.”

மணிக்கட்டில் சுள்ளென்று சுட்டது.

அவர் கண் திறந்தபோது மணி 5.15. தரையில் கிடந்தார். நிறுத்திய டெக், தானாக ஓடி முடிந்திருந்தது. ஸ்வெட்டர் கையில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. பென் டிரைவில் ஏறியிருந்ததை அவசரமாக ஓட்டிப் பார்த்தார். முதலிலிருந்து கடைசிவரை படம்தான்.

5.30. ரிஜோ வந்தான்.

“அக்கா இருக்காளா அங்கிள்?”

“போட்டுப் பாருப்பா.”

அப்போதும் அவருக்கு உண்மை வாயில் வரவில்லை. சாகக் கிடக்கிறவளின் கண்ணெதிரே சண்டைப் படம் ஓடப்போகிறது என்று தெரிந்தே கொடுத்தனுப்பினார். தன்னையே காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

6.40. போன் அடித்தது.

“அங்கிள்... அம்மா பாத்துட்டாங்க. அக்கா முகத்தப் பாத்துக்கிட்டே போயிட்டாங்க.”

சிலுவைராஜ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு கேமரா புடிச்சது நீங்கதானே?”

“ஆமாப்பா.”

“அப்ப... அக்கா பக்கத்துல, நரைச்ச தலையோட நீல ஸ்வெட்டர் போட்டு, முழங்கால் போட்டு அழுவுறது யாரு? அக்கா மெழுகுத்திரி அவரு கையில சொட்டுது...”

அந்த நீல ஸ்வெட்டரை மகள் வாங்கிக் கொடுத்து அன்றைக்கு இருபது நாள்கூட ஆகவில்லை. கையில் ஒட்டிய மெழுகை அவர் இன்னும் சுரண்டவில்லை.