மானை முகர்ந்த டொக்டர்

சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் நான் சமைக்கும் ஹோட்டலுக்கு ஒருமுறை மிருக வைத்தியர் ஒருவர் வந்தார். வேட்டைக்காரர் கொண்டுவந்த மானின் ஈரலில் புழு இருந்தது. முதலாளியோ விருந்துக்கு ஆட்களை அழைத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண். நெடிய உருவம், முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து. எதையும் முகர்ந்து பார்ப்பது அவர் பழக்கம். மானை முகர்ந்தார். நான் கொடுத்த தேத்தண்ணியையும் அதே முகத்தோடு முகர்ந்தார்.

“ஈரலை எறியுங்கோ அண்ணை. இறைச்சி நல்லது, சாப்பிடலாம்” என்றார் கடைசியில்.

“நல்லாய் உறைப்புப் போட்டால் ஈரலும் ஒண்டும் செய்யாதுதானே, டொக்டர்?”

“ஏன், புழுவுக்கும் உறைக்கட்டும் எண்டோ?”

ஈரலை எறிந்தேன். அவர் மற்ற வேலைகளை முடிப்பதற்குள் இறைச்சியில் கொஞ்சம் கறி வைத்து நீட்டினேன். குனிந்து முகர்ந்தார்.

“குறை நினைக்காதேங்கோ அண்ணை. இண்டைக்கு வெள்ளி, நான் மச்ச மாமிசம் சாப்பிடுறேல்லை.”

இந்த நாட்டில் பிறந்தும் விரதம் பிடிக்கிற பிள்ளை என்று நெகிழ்ந்து, வாசல்வரை போய் வழியனுப்பினேன். வேட்டைக் காலத்து வேலையில் எனக்குக் கிழமை மறந்துபோகும். திரும்பி வந்துதான் கலண்டரைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை.

அவர் சந்தேகப்பட்டது மானையா, என் கறியையா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.