வளைவில் பாட்டை நிறுத்துகிறவர்

என் வீட்டுக்காரர் சரக்கு வேன் ஓட்டியவர். மலைமேல் இருக்கும் ஆலத்தூர் நாட்டிலிருந்து வாழைத்தாரும் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்குவார். கல்யாணமான புதிதில் நானும் முன்சீட்டில் ஏறிக்கொள்வேன். எனக்குப் பாட்டு வேண்டும். அவரோ கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பாட்டை நிறுத்துவார், ஹாரன் அடிப்பார், தலையை வெளியே நீட்டிக் காத்திருப்பார். கீழிருந்து பதில் ஹாரன் வந்தால், ஏறி வருகிற வண்டிக்கு ஒதுங்கி வழிவிடுவார். மலையில் அதுதான் வழக்கம். பல்லவி முடிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஒரு பாட்டையாவது முழுதாகக் கேட்டிருப்பேனா?

"அதான் ஹாரன் அடிச்சாச்சுங்களே, போலாமில்ல?" என்பேன்.

"நாம அடிச்சது அவனுக்குக் கேட்டிருக்கும் புள்ள. அவன் அடிக்கறது நமக்குக் கேக்க வேண்டாமா?"

வீட்டிலும் இதே கதைதான். நான் கத்துவேன், அவர் சுவரைப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்லைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பேன்.

நாமக்கல்லில் நர்சிங் படிக்கப் போன மகள் ஒரு நாள் சாயங்காலம் பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். "இனிமே காலேஜுக்குப் போக மாட்டேன்" என்றாள். எங்கள் சொந்தத்தில் மலையிறங்கிப் படிக்கப் போன முதல் பிள்ளை அவள்.

"ஊரு சிரிக்கட்டும்னு வந்தியா? காலைல மொத பஸ்ஸுக்குக் கெளம்புடி" என்று ஆரம்பித்தேன். அவள் என் மகளாயிற்றே, சளைப்பாளா? "செத்தாலும் போக மாட்டேன்" என்று கத்தினாள். இன்னும் இரண்டு வார்த்தை ஏறியிருந்தால், அந்தப் பிடிவாதத்துக்காகவே படிப்பை விட்டிருப்பாள்.

அவர் எழுந்து வந்து பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். "நீ ஹாரன் அடிச்சது போதும் புள்ள" என்றார் என்னிடம். பிறகு மகளுக்கு எதிரில் உட்கார்ந்தார். ஒன்றுமே கேட்கவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் சாமைச் சோறு குழைந்தே போயிற்று.

வெகுநேரம் கழித்து அவள் வாய் திறந்தாள். "பாடமெல்லாம் நல்லாப் புரியுதுங்கப்பா. நேத்து வார்டுல ஒரு அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டே செத்துப் போயிட்டாங்க. யாருகிட்டயும் சொல்ல முடியலீங்கப்பா."

"அழுதுக்க சாமி" என்றார் அவர். அவள் அழுதாள். நானும்தான். அந்த வாரமே, தானாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருடைய வேனில் ஏறினாள்.

இப்போது அவள் சேலத்தில் நர்ஸ். அவர் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இந்த வீட்டில் எவ்வளவு கத்தினாலும் சுவரைப் பார்க்க ஆள் இல்லை. அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

நேற்று மகளுக்குப் போன் போட்டேன். சாப்பிட்டியா, ஏன் போனே பண்ணல, எப்ப வருவ என்று வழக்கம்போலக் கொட்டித் தீர்த்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இன்னொரு கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். டி.வி.யை நிறுத்திவிட்டு, போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா," என்றாள் கடைசியில், "அப்பா நெனப்பாவே இருக்குதும்மா."