கூரையில் ஏறிய சைக்கிள் கடை

தவளக்குப்பத்தில் என் ஸ்கூட்டர் பஞ்சர். கடைக்காரர் ட்யூபில் சொல்யூஷன் தடவியதும், அந்த வாசனைக்கு என்னை அறியாமல் வானத்தைப் பார்த்தேன்.

மூன்றாவது படிக்கையில் ஒரு புயல் எங்கள் மூலக்குளம் வீட்டு ஓடுகளைப் பிய்த்துப் போட்டது. காலையில் வாசலில் ஒரு பெரிய தகரம் கிடந்தது. அப்பா யோசிக்கவேயில்லை, கொட்டும் மழையில் அதைத் தூக்கிக் கூரை ஓட்டையில் வைத்து ஆணி அடித்தார். இறங்கிப் பார்த்தபோதுதான் எழுத்து தலைகீழாகத் தெரிந்தது: 'அந்தோணி சைக்கிள் கடை'.

மத்தியானம் போர்டைத் தேடிக்கொண்டு அந்தோணியே வந்துவிட்டார். அவர் கடையில் காற்றடிக்கிற பம்பும் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவும் மட்டும்தான் மிச்சமாம். அப்பா கூனிக்குறுகி ஏணியை எடுத்தார்.

"கழட்டித் தந்துடறேன் அந்தோணி."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். தகரத்துக்கு அடியில் நானும் தங்கச்சியும் ஒண்டியிருந்தோம்.

"வேணாண்ணே, புள்ளைங்க நனையும். போர்டு இங்க இருக்குதுல்ல, கடையும் இங்கயே இருந்துட்டுப் போவட்டும்."

மறுநாள் மழை விட்டது. புயலில் ஆணி சிதறிய தெருவில் பஞ்சராகாத சைக்கிளே இல்லை, எல்லாம் எங்கள் வாசலில் நின்றன. சொல்யூஷன் வாசனை வீட்டுக்குள் வந்தபோது, ஒழுகலுக்கு வைத்திருந்த பாத்திரங்களை அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா மேல பாக்குறீங்க, மழையா?" என்றார் தவளக்குப்பத்துக் கடைக்காரர்.

"இல்ல, விட்டுடுச்சு."