இனிப் பேசமாட்டன்

எங்கள் வீட்டில் இரண்டு தமிழ் இருந்தது. அப்பா யாழ்ப்பாணத்தவர், அரசாங்க உத்தியோகத்துக்காகக் கண்டிக்கு வந்தவர். அம்மா புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தவர். நான் பேசப் பழகுவதற்குள் அப்பாவின் தமிழ் பெரும்பாலும் தோற்றுப்போய்விட்டது. 'ஓம்' மட்டும் மிஞ்சியிருந்தது. சாப்பாட்டில் மட்டும் அவர் கொஞ்சம் ஈடுகட்டிக்கொண்டார். அம்மா தேங்காய்ப்பாலில் சொதி வைக்கக் கற்றுக்கொண்டார். ஆனால் அதை இடியப்பத்துக்கு ஊற்றாமல், தோட்டத்து வழக்கப்படி தடிப்பாகச் சுட்ட ரொட்டிக்கு ஊற்றிச் சாப்பிட்டோம். உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பாவின் அக்கா வருவதாகத் தகவல் வந்தது. அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. அப்பா தோட்டத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று கல்யாணத்துக்கு வராதவர், பத்து வருடம் தம்பியோடு ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளாதவர். இப்போது முழங்கால் வலிக்குப் பேராதனையில் ஒரு டொக்டரைப் பார்க்க வேண்டுமாம். மனசு அசையாத இடத்தில் முழங்கால் அசைந்து கொடுத்தது. அப்பா கேற்றுக்குப் புதுப் பெயின்ட் அடித்தார். எப்படியாவது இந்தமுறை அக்கா முகம் சுளிக்காமல் திரும்பிப் போக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

அம்மாவின் நினைப்பு வேறாக இருந்தது. அப்பாவின் அக்கா வருவதற்கு முதல்நாள் காலையிலிருந்து தேங்காய் துருவியபடி, "கல்யாணத்துக்குத்தான் வரல, இந்தப் புள்ள பொறந்தப்பவாவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? கால் வலிச்சா மட்டும் எங்க வீடு தெரியுதாக்கும்" என்று தேங்காயிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்து கேட்டது நான் ஒருத்திதான். பிறகு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "வாங்கோ மச்சாள், வாங்கோ மச்சாள்" என்று நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தார். அப்பாவின் பக்கத்தில் நாத்தனாரை அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம். என்னிடம், அவரை மாமி என்று கூப்பிடச் சொன்னார். எனக்கு அத்தை என்றுதான் வாயில் வந்தது.

மறுநாள் வாசலில் அத்தையைக் கண்டதும் அம்மாவின் பயிற்சியெல்லாம் பறந்துவிட்டது. "வாங்க மதினி" என்றார். அத்தை "ஓம்" என்று சொல்லிவிட்டுக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். தேத்தண்ணி வந்தது. வெளியே மழை பெய்தது. மூன்று பெரியவர்களும் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அவரை எவ்வளவு நினைத்துக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தால் சந்தோஷப்படுவார் என்று எண்ணி வாயைத் திறந்தேன்.

"அத்தை, அம்மா நேத்து பூரா உங்களத்தான் பேசிக்கிட்டே இருந்தாங்க."

அத்தை கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து பையைத் தூக்கினார்.

"பேச்சு வாங்கவோ நான் இவ்வளவு தூரம் வந்தனான்? நான் லொட்ஜில நிக்கிறன் தம்பி."

அப்பா துள்ளி எழுந்து பையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ அக்கா, இஞ்ச பேசுறதெண்டா கதைக்கிறது. எங்கட ஊரில மாதிரி ஏசுறதில்லை." பத்து வருடமாக ஒளிந்திருந்த அவருடைய தமிழ் ஒரே மூச்சில் வெளியே வந்தது. அத்தை நம்பாமல் பார்க்கவும், அப்பா தன் கதையையே எடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா இவரிடம், "எங்க அப்பாகிட்ட வந்து பேசுங்க" என்று சொல்லியிருக்கிறார். பெண் கேட்கப் போகிற வீட்டில் எதற்காக ஏச வேண்டும் என்று புரியாமல் இவர் ஒரு கிழமை அந்தப் பக்கமே போகவில்லையாம்.

அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சண்டைக்குக் கூப்பிடுறா எண்டோ நினைச்சனி?" என்று கேட்டுக்கேட்டுச் சிரித்தார். பையைக் கீழே வைத்துவிட்டார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டார். என்னால் அத்தைக்கு எங்கள் தமிழ் தெரிந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

அன்று இரவு நாங்கள் ரொட்டியில் சொதி ஊற்றுவதைக் கண்டு அத்தை புருவத்தை உயர்த்தினார். மறுநாள் காலையில் மூன்றாவது ரொட்டி கேட்டார். டொக்டரிடம் அம்மாதான் கூட்டிப் போனார். வந்ததும் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். கதவைப் பாதி சாத்திக்கொண்டு இரண்டு பேரும் நெடுநேரம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் எட்டிப் பார்த்தபோது அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய் நெடி என்றார்.

மூன்றாம் நாள் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏற்றிவிடப் போனோம். ஏறுவதற்கு முன் அத்தை அம்மாவின் கையைப் பிடித்தார்.

"நானும் உம்மைப் பத்து வருசமாப் பேசினனான். இனிப் பேசமாட்டன்."

"நானும் பேச மாட்டேன், மச்சாள்" என்றார் அம்மா. அந்தச் சொல் இந்தமுறை தடுமாறாமல் வந்தது.

பத்து வருடமாகப் பேசினேன் என்றது பச்சைப் பொய் என்பது எனக்கே தெரியும். ஆனால் இனிப் பேசமாட்டேன் என்றதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் பேசுவது என்றால் என்ன என்று அப்பாதான் அத்தைக்கு அவ்வளவு விளக்கமாகச் சொல்லிவிட்டாரே. இரண்டு பேரும் கண் கலங்கி நின்றதையும் பார்த்தேன். பஸ் திரும்பி மறைந்ததும் நான் அழத் தொடங்கினேன்.

"அவங்க ரெண்டு பேரும் இனி பேசவே மாட்டாங்களாம்ப்பா" என்றேன்.

"ஓம்" என்றார் அப்பா. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "நல்லது" என்றார்.

வீடு வந்து சேரும்வரை நான் அவர் கையைப் பிடிக்கவில்லை.