பாராட்டு விழாவன்று ஒரு பயறுமணி

புற்றுநோய்க்கு இடது மார்பைக் கொடுத்து ஐந்து வருடம் தாண்டியதும் எங்கள் ஊர் வாசகசாலையில் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். இத்தனை காலம் நகைச்சுவைக் கட்டுரை எழுதி ஒரு மாலைகூட வாங்காதவள் நான். பாறசாலையிலிருந்து மைக் செட், நெய்யாற்றின்கரையிலிருந்து பொன்னாடை. கண்ணாடி முன் நின்று, அடக்கமாகத் தெரியும்படி சிரித்துப் பழகினேன்.

விழாவன்று காலை குளிக்கையில் அறுவைத் தழும்பின் ஓரத்தில் ஏதோ தட்டுப்பட்டது. பயறுமணி அளவு, கல்போல. வலியே இல்லை. முதல் தடவையும் வலிக்கவில்லை, காம்பு உள்ளே இழுத்துக்கொண்டதுதான் அறிகுறி. அன்றிலிருந்து வலிக்காதவை என்றால் எனக்குப் பயம்.

கணவர் தொட்டுப் பார்த்தார்.

"கொசு கடிச்சதாக்கும்."

"உடுத்தியிருக்க துணிக்குள்ள கொசுவுக்கு என்ன சோலி?"

"எடி, எடுத்துக் களஞ்ச எடத்துல பின்ன எப்பிடி வரும்?"

வரும். கண்ணுக்குத் தெரியாமல் தப்பிய அணுக்கள் தோலிலோ அக்குளிலோ பதுங்கிக் கிடந்து, வருடங்கள் கழித்தும் தலைதூக்கலாம் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். அதை அப்படியே ஒப்பித்தேன்.

"செரி, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம். விழாவ நிறுத்தச் சொல்லட்டா?"

"சும்மா கெடங்க. ரவிக்க தச்சாச்சு."

மேடையில் தலைவர், நான் புற்றுநோயை விரட்டியடித்ததை நேரில் பார்த்தவர் போல முழங்கினார். மைக் கைக்கு வந்ததும், பழகிய சிரிப்பு வரவில்லை.

"ஜெயிச்சேன்னு சொன்னாவ. இண்ணைக்குக் காலைல தழும்புல ஒரு கட்டி தட்டுப்பட்டுது. நாளைக்கு டெஸ்டுக்குப் போறேன். ஜெயிச்சேனாண்ணு வந்து சொல்லுதேன்."

தலைவர் மைக்கைப் பிடுங்கப் பாய்ந்தார். அதற்குள் ரப்பர் பால் வெட்டப் போகும் பெண் ஒருத்தி எழுந்துவிட்டாள்.

"அக்கா, வலி உண்டா?"

"இல்ல மக்கா."

"எனக்கும் ஒண்ணு உண்டு. வலி இல்லாததுனால ஆருட்டயும் சொல்லாம மிண்டாம இருந்தேன்."

அவ்வளவுதான், கூட்டத்தில் கேள்வி மடை உடைத்துக்கொண்டது. அக்குளில் கட்டி வந்தால்? காம்பில் ரத்தம் கசிந்தால்? தோல் ஆரஞ்சுத் தொலி மாதிரி ஆனால்? "டாக்டர்ட்ட காட்டணும், காட்டணும்" என்று ஏலம் போட்டேன். தேசிய கீதத்துக்கு எழுந்தவர்கள், அது முடிந்த பிறகும் உட்காராமல் கேட்டார்கள். என் நகைச்சுவைக்கு இப்படி ஒரு வரவேற்பு இருந்ததே இல்லை.

மறுநாள் அந்தப் பெண்ணும் நானும் ஒன்றாக ரயிலேறித் திருவனந்தபுரம் போனோம். ஊசிச் சோதனையும் ஸ்கேனும் முடிந்து முடிவு வர ஒரு வாரம்; அதை வாங்கவும் சேர்ந்தே போனோம். அவளுடையது வெறும் நீர்க்கட்டி. என்னை டாக்டர் தனியே உட்காரவைத்துப் பேசினார். நான் வெளியே ஓடிவந்த வேகத்தில் அவள் எழுந்தேவிட்டாள்.

"அக்காளுக்கும் ஒண்ணும் இல்லியா?"

"உண்டு மக்கா! அதேதான், திரும்ப வந்திருக்கு!"

"எக்கா, அதுக்கா இந்தச் சிரிப்பு?"

"தனியா வந்திருக்கு. எலும்பு, ஈரல், நுரையீரல், எங்கயும் இல்ல. இந்த ஒத்த மணிதான். வெட்டி எடுத்துட்டு ரேடியேஷன் கரண்டு வச்சா மதியாம், அது போதுமாம்."

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். வரிசையில் இருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். அறுவைக்குச் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார் நர்ஸ். திங்கட்கிழமை முடியாதா என்று கேட்டேன்.