என் மகள் என்னை ‘நீங்க’ என்றாள்

பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு சனிக்கிழமை மாலை பள்ளியிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். என் எதிரே வந்து நின்று, "அம்மா, நீங்க இன்னைக்கு ரொம்பக் களைப்பா இருக்கீங்க. காபி போட்டுத் தரட்டுமா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேச்சு வந்த நாளிலிருந்து அவளுக்கு நான் ‘நீ’தான். "ம்மா, சோறு போடு", "ம்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்பதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. கோபம் வந்தால் அதுவும் கிடையாது, கதவு சாத்தும் சத்தம் மட்டும்தான் கேட்கும். அவள் போட்டுத் தந்த காபியைக் கொஞ்ச நேரம் குடிக்காமலே கையில் வைத்திருந்தேன்.

பள்ளியில் சனிக்கிழமைதோறும் தலைமைப் பண்பு, வாழ்க்கைத் திறன் என்று ஏதோ பயிற்சி ஆரம்பித்திருக்கிறார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். வெளியிலிருந்து ஒரு மேடம் வருகிறாராம். பாடம் இல்லை, பரீட்சை இல்லை, விளையாட்டும் பேச்சும்தானாம். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அந்த மாலைக்குப் பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது.

அடுத்தடுத்த நாட்களில் அது ஜாஸ்தியானது. நான் திட்டினால் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். தலையை ஆட்டினாள். நான் திட்டி முடித்ததும், "நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா. உங்க உணர்வை நான் மதிக்கிறேன்" என்றாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாள். லோடு வண்டி ஓட்டும் என் கணவருக்கு ஒரே சந்தோஷம்.

"பொண்ணு மரியாதையா பேசுறா. அதுல உனக்கு இன்னா கஷ்டம்?" என்றார்.

"காரணம் இல்லாம யாரும் மரியாதையா பேசமாட்டாங்க" என்றேன்.

இதை நான் வீட்டில் கற்கவில்லை, கம்பெனியில் கற்றேன். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறேன். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். எங்கள் லைனில் சூப்பர்வைசர் கத்தினால் அது சாதாரண நாள். யாராவது அன்பாகப் பேசினால்தான் பயம். சில வருஷங்களுக்கு முன்பு ஹெச்.ஆர். மேடம் ஒருத்தர் எங்களையெல்லாம் கேன்டீனில் வட்டமாக நிற்க வைத்தார். கையில் ஒரு கம்பளி நூல் உருண்டை. அதை ஒருவர் மற்றவரிடம் வீச வேண்டும், வீசும்போது அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடைசியில் நூல் எல்லோர் கையிலும் வலை மாதிரி நின்றது. "பாத்தீங்களா, நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றார். எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார். நாங்கள் கைதட்டினோம். அடுத்த வாரம் ஒரு மணி நேரத்துக்குத் தைக்க வேண்டிய பீஸ் கணக்கை ஏற்றிவிட்டார்கள். குடும்பம் என்று சொன்ன பிறகு யார் வாய் திறப்பார்கள்?

அதே வாசனை இப்போது என் மகளிடம் அடித்தது.

என் பக்கத்து மெஷினில் உட்காருகிறவள் எனக்கு நெருங்கிய தோழி. வீட்டில் உருது பேசுகிறவள், என்னோடு தமிழில் சண்டை போடுகிறவள். அவள் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகக் கேட்டேன், உன் பெண் எப்படி இருக்கிறாள் என்று.

அவள் டிபன் மூடியைக் கீழே வைத்தாள். "நீயே கேட்டுட்டே. நேத்து என் பொண்ணு, ‘அம்மி, உங்க கருத்தை மதிக்கிறேன், ஆனா என் கருத்து வேற’ன்னு சொல்றா. நான் பயந்தே போய்ட்டேன். யாரோ நம்ம புள்ளைங்களுக்கு ஓதி வுடறாங்க."

"எதுக்கு?"

"அதான் தெரியல. ஃப்ரீயா வந்து எவ இதெல்லாம் பண்ணுவா?"

எங்களுக்கு விதவிதமாகத் தோன்றியது. ப்ளஸ் டூ முடித்ததும் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறார்களோ? சாமான் விற்கிற சங்கிலி வியாபாரமோ? பெண்ணுக்கு யாராவது பையன் பழக்கமாகி, அதை மறைக்கத்தான் இந்த மரியாதையோ? ஒன்றைப் பேசி முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. கடைசியில் அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் அரை நாள் லீவு போட்டோம்.

பள்ளி வாசலில் வாட்ச்மேன் மறித்தார். "இன்னைக்கு பேரன்ட்ஸ் மீட்டிங் இல்லம்மா."

"பொண்ணு சாப்பாட்டை வுட்டுட்டு வந்துட்டா" என்று என் தோழி தன் டிபனைத் தூக்கிக் காட்டினாள். விட்டுவிட்டார்.

பிரேயர் ஹாலில் சத்தம் கேட்டது. ஜன்னல் ஓரமாகப் போய் நின்றோம். பெண்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். அவர்கள் கைகளுக்கு நடுவே சிவப்புக் கம்பளி நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. வட்டத்தின் நடுவில் ஒரு பெண்மணி எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார். திரும்பினார். அதே ஹெச்.ஆர். மேடம். தலையில் கொஞ்சம் நரை கூடியிருந்தது, அவ்வளவுதான்.

என் தோழி என் கையைப் பிடித்தாள். "வா, போய்டலாம்" என்றாள். ஆனால் நான் ஏற்கெனவே கதவுப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன்.

உள்ளே போனதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கம்பெனி அடையாள அட்டை இன்னும் என் கழுத்தில் தொங்கியது. என் மகள் கையில் நூலோடு அப்படியே நின்றாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்" என்றேன். "எங்களுக்கு இந்த வெளயாட்டு ஆட வச்சீங்க. அடுத்த வாரம் டார்கெட் ஏறுச்சு. இந்தப் புள்ளைங்களுக்கு இன்னா ஏறப் போவுது?"

அவர் என் அட்டையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க ரெண்டாவது லைன் இல்ல?" என்றார்.

"ஆமா."

அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். "இந்த அம்மா சொல்றது உண்மை. நான் அந்தக் கம்பெனியில வேலை பார்த்தேன். இதே விளையாட்டை இவங்களை ஆட வச்சேன். டார்கெட் ஏறப் போறது எனக்கு முன்னாடியே தெரியும்."

ஒரு பெண் கையை உயர்த்தினாள், நூலும் கூடவே உயர்ந்தது. "அப்ப எங்களுக்கு எதுக்கு மிஸ் சொல்லித் தர்றீங்க?"

"அந்த வேலையை விட்டுட்டேன். இப்ப இதுதான் என் வேலை. இதுக்கும் சம்பளம் வாங்குறேன்" என்றார். பிறகு, "நீ கேட்டதுக்கு இதைவிட நல்ல பதில் என்கிட்ட இல்ல" என்றார்.

அவர் மறுப்பார், மழுப்புவார், வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். ஒத்துக்கொள்வார் என்று நினைக்கவில்லை. வந்த வழியே வெளியே வந்தேன். ஒத்துக்கொள்வதும் ஒரு வித்தையாக இருக்கலாம் என்று வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அன்று மகள் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் பகலிலும் இல்லை. சாயங்காலம் நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"உனக்கு அறிவு இருக்காம்மா? அத்தனை பேர் முன்னாடி வந்து நிக்கிறே. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. நாளைக்கு நான் எப்படி ஸ்கூலுக்குப் போவேன்?"

‘உனக்கு’ என்றாள். எனக்குப் பாதிக் கோபம் அப்போதே இறங்கிவிட்டது. இது என் பெண்தான்.

"அப்ப எதுக்குடி இத்தினி நாளா ‘நீங்க’ ‘வாங்க’ன்னு நடிச்சே? உண்மையைச் சொல்லு."

"பயிற்சியோட கடைசி சனிக்கிழமை அமிர்திக்குக் கூட்டிட்டுப் போறாங்க. காட்டுல நடக்கணும், குரூப்பா சமைக்கணும், அருவி பாக்கணும். கேட்டா நீ வேணாம்னுதான் சொல்லுவே. எல்லா டூருக்கும் வேணாம்னுதான் சொன்னே. அதான் மொதல்ல உன்கிட்ட நல்லபடியா பேசிட்டு, அப்புறம் கேக்கலாம்னு இருந்தேன்."

ஆக, நான் சந்தேகப்பட்டது சரிதான். அடி போட்டுத்தான் பேசியிருக்கிறாள். கண்டுபிடித்துவிட்டேனே என்று பெருமைப்பட வேண்டும், ஆனால் முடியவில்லை. காட்டில் ஒரு நாள் நடப்பதற்காக இந்தப் பெண் இத்தனை நாள் தட்டு கழுவியிருக்கிறாள்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லு. ஆனா காரணம் சொல்லு" என்றாள்.

தண்ணீர் என்றேன். காடு என்றேன். அந்த மேடத்தை நம்ப முடியாது என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. தண்ணீரில் யாரும் இறங்கப் போவதில்லை. பள்ளி டீச்சர்கள் இரண்டு பேர் கூட வருகிறார்கள். மேடத்தை நம்ப வேண்டாம், டீச்சரை நம்பு.

"சரி, நானும் வர்றேன்" என்றேன்.

"நீ வந்தா நான் போகல."

"அப்ப மதியம் எனக்கு போன் பண்ணணும். டீச்சர் போன்ல இருந்து."

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். நான் அனுப்பியிருப்பேன். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"அங்க டவர் கிடைக்காதும்மா. டீச்சரே சொன்னாங்க. பண்றேன்னு சொல்லிட்டுப் பண்ணலைன்னா நீ பயந்து சாவே. திரும்பி வர்ற வழியில டவர் வந்த ஒடனே பண்றேன். அதுக்கு நடுவுல முடியாது."

மடித்த துணியைக் கீழே வைத்தேன். இத்தனை வருஷ வேலையில் எந்த மேனேஜரும் முடியாததை முடியாது என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. பார்க்கலாம் என்பார்கள், செய்துவிடலாம் என்பார்கள். இவளுக்கு இதை அந்த மேடம் கற்றுக்கொடுத்தாரா, என்னைப் பார்த்துத் தானாகக் கற்றாளா என்று தெரியவில்லை.

"போய்ட்டு வா" என்றேன்.

அந்த சனிக்கிழமை காலையில் பள்ளி வாசலில் வேன் நின்றது. நான் டயரைப் பார்த்தேன், டிரைவர் முகத்தைப் பார்த்தேன், வாயை ஊதிக் காட்டச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். என் தோழி தன் மகளிடம் பெரிய சாப்பாட்டு மூட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சமைக்கத்தான் போகிறார்கள் என்று சொன்னால் கேட்கிறவள் இல்லை. மேடம் என் பக்கம் வந்தார். டிரைவர் நம்பரையும் தன் நம்பரையும் நான் கேட்காமலே எழுதிக் கொடுத்தார்.

"என் மேல உங்களுக்கு நம்பிக்கை வரல, இல்ல?" என்றார்.

"இல்ல மேடம்."

"சரி" என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மகளை வேனிலிருந்து இறக்கியிருப்பேன்.

அன்று முழுவதும் என் தையல் கோணல்மாணலாகப் போனது. சூப்பர்வைசர் இரண்டு பீஸைத் திருப்பிக் கொடுத்து, "கண்ணு எங்கம்மா இருக்குது?" என்று கத்தினார். வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். டீ இடைவேளையில் ஓடிப் போய்ப் பார்த்தேன், சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். டவர் இல்லை என்று தெரிந்தும் பார்த்தேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மணி அடித்தது.

"ம்மா, டவர் வந்துடுச்சு" என்றாள்.

"நல்லா கீறியா?"

"கீறேன். வீட்டுல இன்னா சாப்பாடு?"

குரலில் என்னவோ இருந்தது. அழுகையை அடக்கின குரல். பஸ் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மறுபடியும் நூறு சந்தேகம் எனக்கு. மேடம் ஏதாவது சொன்னாரா? யாராவது கையைப் பிடித்தார்களா?

வீட்டுக்கு வந்தவள் முகம் கழுவாமல் உட்கார்ந்தாள். காலெல்லாம் புழுதி. தட்டில் சோற்றைப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். நானாகக் கேட்கவில்லை. பாதி சாப்பிட்ட பிறகு அவளே சொன்னாள்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு லீடராம். அவள் குழுவுக்கு அவள்தான். அருவிக்குப் பக்கத்தில் ஈரப் பாறை மேல் ஏறிப் படம் எடுக்க வேண்டும் என்று மூன்று நான்கு பெண்கள் நின்றிருக்கிறார்கள். அதில் என் தோழியின் மகளும் ஒருத்தி. டீச்சர் பின்னால் வந்துகொண்டிருந்தார். இவள் முடியாது என்று குறுக்கே நின்றிருக்கிறாள். மற்ற குழுக்காரர்கள் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்கியும்விட்டார்களாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் இவள் குழுவில் ஒருத்தரும் அதன் பிறகு இவளோடு பேசவில்லை. வேனில் பக்கத்து சீட்டில்கூட உட்காரவில்லை.

"லீடர்னா இப்படி ஆகும்னு மிஸ் சொல்லவே இல்லம்மா."

நீ செய்ததுதான் சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதைக் கேட்கிற நிலையில் அவள் இல்லை. ரசத்தை ஊற்றினேன்.

"திங்கக்கிழமை பேசிடுவாளுங்களா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் எடுத்துக் கழுவினேன்.