சந்தனம் பூசிய துப்பாக்கி

யாங்கோனுக்கு எதற்குப் போகிறாய் என்று கேட்டவர்களிடம் உறவுக்காரர் வீட்டுக்கு என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் நான் போனது ஒரு கைத்துப்பாக்கியைப் பார்த்துக் கருத்துச் சொல்ல. அதை வெளியில் சொல்லியிருந்தால் சென்னை விமான நிலையத்திலேயே என்னை ஓரமாக உட்கார வைத்திருப்பார்கள்.

அழைத்தவர் முருகேசன் அத்தான். அப்பா வழியில் தூரத்து மாமா மகன். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற குடும்பம். வீட்டில்தான் அவர் முருகேசன். யாங்கோனில் அலோன் பகுதியில் இருக்கும் அவருடைய சின்ன நகைக்கடைப் பலகையில் ஊ சோ வின் என்ற பர்மியப் பெயர். அவர் மனைவி தனம் அக்கா கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறார். நான் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரைஃபிள் கிளப்பில் பிஸ்டல் சுடுவேன். சொந்தபந்தத்தில் துப்பாக்கியைத் தொட்டவள் நான் ஒருத்திதான் என்பதால் பஞ்சாயத்துக்கு நான் தேவைப்பட்டேன்.

பஞ்சாயத்து இதுதான். சென்ற மழைக்காலத்தில் ஒருவன் துப்பாக்கியோடு கடைக்குள் வந்துவிட்டான். அத்தான் உள்ளறையில் இருந்தார். கதவிடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்தார், கால் நகரவில்லை. தனம் அக்கா மோதிரத் தட்டை எடுத்து அவனிடம் நீட்டி, “படி வழுக்கும், பாத்துப் போ” என்று பர்மியத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார். கேட்டால் “யாபாடே” என்பார். பரவாயில்லை என்று அர்த்தம். குழம்பு தீய்ந்தாலும் கரண்டு போனாலும் அக்காவுக்கு அது ஒன்றுதான் பதில்.

அத்தானுக்கு அப்படி விட முடியவில்லை. தூக்கம் போனது. அலைந்து திரிந்து அனுமதி வாங்கி, உள்ளங்கையில் அடங்குகிற அளவில் புதுத் துப்பாக்கி ஒன்றும் வாங்கிவிட்டார். அதைக் கல்லாவுக்குக் கீழே வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. வைத்தால் நான் அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன் என்பது அக்கா கட்சி. அக்கா உட்காராவிட்டால் கடை இல்லை. ராஜி வந்து பார்க்கட்டும், அவள் சொன்னபடி செய்வோம் என்று இருவரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் எனக்கு டிக்கெட் போட்டார்கள்.

வியாழன், காலை ஏழு மணி. தெருமுனையில் மொஹிங்கா சாப்பிட்டோம். மீன் குழம்பில் சேமியா மாதிரி அரிசி நூடுல்ஸ், மேலே பருப்பு வடையை நொறுக்கிப் போட்டது. ஒரு கிண்ணம் மூவாயிரம் சாட். எனக்கு இரண்டாவது கிண்ணமும் வேண்டியிருந்தது. சுடப் போகிற நாளில் வயிறு நிறையக் கூடாது என்று நானே அத்தானுக்குச் சொல்லியிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். அவர் அரைக் கிண்ணத்தோடு எழுந்துவிட்டார். அக்கா மட்டும் நிதானமாகச் சாப்பிட்டார்.

ஏழே முக்காலுக்குக் காரில் கிளம்பினோம். சுடுதளம் வடக்கே மிங்கலாடோன் பக்கம், அலோனிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். இந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. ஆனால் பெரும்பாலான கார்கள் ஜப்பானிலிருந்து வந்த பழையவை. நம் ஊர்க் கார்களைப் போல ஓட்டுகிறவரும் வலப்பக்கம்தான் உட்கார்கிறார். முன்னால் ஒரு பஸ் போனால் எதிரே வருவது அவருக்குத் தெரியாது. இடப்பக்கம் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அக்கா அந்த இடத்தில் இருந்தார். “இரு... லாரி வருது... இப்பப் போ.” அத்தான் மறு பேச்சில்லாமல் போனார். இருவருக்கும் நடுவில் பல நாளாகப் பேச்சு சரியில்லை. ஆனாலும் அவர் கண்ணை நம்பித்தான் இவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார். பின்சீட்டில் பூட்டிய பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் இதையெல்லாம் ரசித்துக்கொண்டு வந்தேன்.

வழியில் ஒரு சோதனைச் சாவடி. அனுமதித் தாள்களை வாங்கிப் பார்த்த காவலர் பெட்டியையும் பார்த்தார், அக்காவையும் பார்த்தார். அக்கா நெற்றியில் பளிச்சென்று திருநீறு. “கோயிலுக்கா?” என்று பர்மியத்தில் கேட்டதாக அத்தான் பிறகு மொழிபெயர்த்தார். அக்கா சிரிக்கவே இல்லை.

ஒன்பது மணிக்குச் சுடுதளத்தில் இருந்தோம். நீளமான தகரக் கொட்டகை, எதிரே மண்மேடு, நடுவே பச்சைப் புல். எங்கோ ஒரு குயில் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. பொறுப்பாளர் டோ கின் ஐம்பது வயதுப் பெண்மணி. கன்னத்தில் தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிய மஞ்சள் வட்டம், இடுப்பில் லுங்கி மாதிரி லோஞ்சி, காலில் ஓட்டக்காரர்கள் போடுகிற ஷூ. அயல்நாட்டுக்காரர்கள் இங்கே சுட முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு ஏமாற்றம்தான், மறைக்க விரும்பவில்லை. அவ்வளவு தூரம் போய்ப் பாயசத்தை முகர்ந்து பார்த்துவிட்டு வருகிற கதை. தரையில் போட்டிருந்த சிவப்புக் கோட்டுக்குப் பின்னால் அக்காவும் நானும் காதை மூடும் கவசத்தோடு நின்றோம்.

பெட்டியைத் திறந்ததும் நான் பார்த்தது துப்பாக்கியை அல்ல, பொட்டை. மேல் பாகத்தில் மூன்று இடத்தில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வாங்கி வந்தவுடன் அக்கா பூஜை செய்திருக்கிறார்.

“புதுசா எது வீட்டுக்குள்ள வந்தாலும் பொட்டு வைக்காம விடுறதில்ல. பிடிக்காட்டியும் வைக்கணும்ல?” என்றார் அக்கா.

அத்தான் கைக்குட்டையால் மேலாகத் துடைத்துவிட்டு, டோ கின் காட்டியபடி தோட்டாக்களைப் போட்டுக்கொண்டு கோட்டுக்குப் போனார். நின்ற விதம் மோசமில்லை. தோள் மட்டும் காது வரை ஏறியிருந்தது.

முதல் குண்டு மண்மேட்டுக்குப் போயிற்று. இரண்டாவது இலக்கு அட்டையின் ஓரத்தைக் கிழித்தது. இவ்வளவு சின்னத் துப்பாக்கி கையில் எப்படி உதறும் என்று எனக்குத் தெரியும். பெரியதைவிட அடக்குவது கடினம். மூன்றாவது முறை விசையை அழுத்தினார். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினார். இல்லை.

“நின்னுபோச்சு தனம்!” என்று அத்தான் திரும்பினார்.

எது கெட்டுப்போனாலும் அக்காவைக் கூப்பிடுவது முப்பது வருடப் பழக்கம். ஆனால் முகம் திரும்பியபோது தோளும் திரும்பியது, கையும் திரும்பியது. விரல் விசையிலேயே இருந்தது. அந்தச் சின்னக் கறுப்பு ஓட்டை அக்காவின் மார்புக்கு நேரே வந்து நின்றது.

நான் ஒன்றும் செய்யவில்லை. ஆயிரம் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாய் திறக்கவில்லை. டோ கின் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தரையை நோக்கி அழுத்தினார். அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை. அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். கடையில் அன்றைக்கும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

துப்பாக்கியைப் பிரித்த டோ கின், உள்ளிருந்து மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்த துணுக்குகளை நகத்தால் சுரண்டி எடுத்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி அக்காவிடம் ஏதோ கேட்டார்.

“துப்பாக்கிக்கு யாரு தனாக்கா பூசினதுன்னு கேக்குறாக,” என்றார் அக்கா.

சந்தனம் என்று விளக்கியதும் டோ கின் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பயத்துக்குப் பிறகு வருகிற சிரிப்பு, நிறுத்த முடியவில்லை. பூட்டிக்கொள்ள வேண்டிய பாகம் சந்தனத்தில் சிக்கி முழுசாக மூடவில்லை, அதனால் வெடிக்கவில்லை. உள்ளே தோட்டா இருந்தது. அந்தப் பாகம் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் மூடி, வெடித்திருக்கும் என்று டோ கின் சிரிப்பு நின்றபின் சொன்னார். அத்தான் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

சுத்தம் செய்து எண்ணெய் போட்டதும் துப்பாக்கி பிசகின்றி ஓடியது. டோ கின் பக்கத்திலேயே நிற்க, அத்தான் மிச்சத்தையும் சுட்டார். கடைசி அட்டையில் ஓட்டைகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே விழுந்திருந்தன. புதிதாகச் சுடுகிறவருக்கு அது நல்ல சுடுதல்தான். அட்டையை அவர் வீட்டுக்கு எடுத்து வரவில்லை.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். மூவருக்கும் பால் டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை.

“சொல்லு ராஜி. அதுக்குத்தான வந்த?” என்றார் அத்தான்.

சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்றுதான் யோசித்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. “துப்பாக்கியில ஒரு குறையும் இல்ல அத்தான். நல்லதாத்தான் வாங்கியிருக்கீங்க. ஆனா பதறினா நீங்க அக்காவைத்தான் தேடுவீங்க. தேடுறப்ப கையில அது இருக்கக் கூடாது.”

அவர் டம்ளரை மேசையில் சுழற்றினார். “அன்னைக்கு நான் கதவுக்குப் பின்னால நின்னேன்ல, அத யாரும் ஒரு வார்த்த கேக்கல. அதுதாம்மா தூங்க விடல,” என்றார்.

“நீங்க வெளிய வந்திருந்தா அந்தப் பய பயந்து சுட்டிருப்பான்,” என்றார் அக்கா. “அவன் கை என்னா நடுக்கம் நடுங்குச்சு தெரியுமா? நீங்க வராம நின்னதாலதான் நான் இருக்கேன். இத நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

சொந்த ஊரிலும் நான் பார்த்ததுதான் இது. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருப்பார்கள், சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்ல வைக்க, கடல் தாண்டி ஒருத்தி வந்து பால் டீ ஆறும் வரை கூட உட்கார வேண்டியிருக்கிறது. நான் எழுந்து போய்க் காசு கொடுப்பது போல நேரம் கடத்தினேன்.

வெள்ளி, மாலை ஆறு மணி. கரண்டு இல்லை, விளக்கு வெளிச்சத்தில் பூஜை. தோட்டாக்கள் அக்காவின் இரும்புப் பீரோவுக்குப் போய்விட்டன, சாவி அவர் இடுப்பில். துப்பாக்கி மட்டும் ஒரு பித்தளைத் தட்டில் சாமி படங்களுக்கு முன்னால் இருந்தது. அக்கா சந்தனம் கரைத்தார். பொட்டுக்கு வேண்டியதைவிட நிறையக் கரைத்தார்.

முதலில் மூன்று பொட்டு வைத்தார். பிறகு கட்டைவிரலால் எடுத்து, மேல் பாகமும் கீழ்ப் பாகமும் சேருகிற இடுக்கில் அழுத்தி அழுத்தி நிரப்பினார். விசைக்குப் பின்னால் நிரப்பினார். குழல் வாயிலும் வைத்து விரலால் மட்டமாக்கினார். சுவரில் ஆணி அடித்த ஓட்டையை அடைப்பது போல நிதானமாகச் செய்தார். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிந்ததும் கையை நீட்டித் துப்பாக்கியைப் புரட்டி, மறு பக்கத்தைக் காட்டினார்.

சனி, காலை எட்டு மணி. விமான நிலையமும் மிங்கலாடோனில்தான், அதனால் அதே சாலை. அக்கா கடை திறக்கப் போய்விட்டார். கல்லாவுக்குக் கீழே இன்றைக்கு அவருடைய சாப்பாட்டுத் தூக்கு மட்டும்தான் இருக்கும். அவர் இடத்தில், இடப்பக்கம், நான் உட்கார்ந்து “இருங்க”, “இப்பப் போங்க” என்று சொல்லிக்கொண்டு வந்தேன். எதிரே வருவதை இன்னொருவருக்காகப் பார்த்துச் சொல்வது லேசான வேலை இல்லை, கண் எரிந்தது.

என் பிஸ்டலை ஒவ்வொரு ஞாயிறும் துடைத்து எண்ணெய் போட்டு, ஒரு தூசு ஒட்டாமல் பெட்டியில் வைக்கிறவள் நான். வீடு போய்ச் சேரும் வரை அடக்கி வைக்க எவ்வளவோ முயன்றேன். சோதனைச் சாவடி தாண்டியதும் வாய் திறந்துவிட்டது.

“ஈரச் சந்தனம் அத்தான். அப்படியே விட்டா உள்ள எல்லாம் துருப் பிடிச்சிரும்.”

முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. அவர் அதன் பின்னாலேயே மெதுவாக ஓட்டினார்.

“பிடிக்கட்டும்மா,” என்றார். “யாபாடே.”